நான்காவது குளம்பு

எங்கள் வீட்டுக் குதிரை எதுவும் சவுக்கடி வாங்கி ஜெயித்ததில்லை. தோற்றதுண்டு, அப்போதும் சவுக்கு பட்டதில்லை. பூபதி லாயத்துக்கு ஓட்டுகிற ஜாக்கி வெறுங்கையோடுதான் சேணத்தில் ஏறுவான். மஞ்சள் சட்டை, குறுக்கே அரக்குப் பட்டை, கையில் கடிவாளம் மட்டும். ஓடி முடித்த குதிரையை நாங்கள் வண்டிக்காரனுக்கு விற்றதும் கிடையாது. செய்யூர்த் தோப்பில் மேய்ந்து வயதாகிச் சாகும். குழி தோண்டும்போது வீட்டு ஆண்பிள்ளை ஒருவன் பக்கத்தில் நின்றாக வேண்டும் என்பது என் தகப்பனார் வைத்த விதி. இதைத் தற்பெருமை என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். பெருமைப்பட ஏதுமில்லாத வீட்டில்தான் பெருமை குற்றமாகத் தெரியும்.

ஆகவே பங்குவலிச் சட்டம் வந்தபோது மற்ற உரிமையாளர்கள் எல்லாம் அலறினார்கள். நான் அலறவில்லை.

அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவள் என் தங்கை மகள் மாதங்கி. விலங்குரிமைக் கூட்டமைப்பின் வக்கீல். சட்டசபைக்கும் நீதிமன்றத்துக்கும் ஆறு வருடம் நடந்தவள். எதிர்த்தரப்பில் நின்றாலும் எங்கள் வீட்டுப் பிள்ளை போலத்தான் வாதாடுவாள், கையை ஆட்டாமல், குரலை ஏற்றாமல். அதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. அவளிடம் சொன்னதில்லை.

சட்டம் நிறைவேறிய வாரம் அவளே வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசைமேல் ஒரு பட்டையை வைத்தாள். விரல் அகலம், சாம்பல் நிறம்.

"இதென்னம்மா, நாய்ப்பட்டையா?"

"கழுத்துலதான் போடணும், அதனால அப்படித் தெரியுது. உங்களுக்குத்தான் மாமா."

"எனக்கா?"

"பந்தயத்துக்கு மொத்தத் தடை கேட்டோம். கிடைக்கலை. பதிலுக்கு இதைக் குடுத்தாங்க. குதிரையோட பிடரிக்குள்ள அரிசி மாதிரி ஒண்ணு வைப்பாங்க. அதோட நரம்புல ஓடுறதை அது இந்தப் பட்டைக்கு அனுப்பும். பந்தயக் கதவு திறந்ததுல இருந்து ஓட்டம் முடியற வரைக்கும் இது கழுத்துல இருந்தாகணும். இருக்கற வரைக்கும் குதிரைக்கு எங்க வலிக்குதோ உங்களுக்கும் அங்க வலிக்கும். முழுசா இல்ல, ஒரு பங்கு. முழுசா வந்தா மனுஷன் தாங்க மாட்டான்."

"அதுக்குக் கால் நாலு. எனக்கு ரெண்டுதானே?"

"முன்னங்கால் ரெண்டும் உங்க கைக்கு வரும்."

"நடுவுல கழட்டிட்டா?"

"ஜாக்கியோட மணிக்கட்டுல சிவப்பு விளக்கு எரியும். அந்த இடத்துலயே குதிரையை அடக்கி வெளியே கொண்டு வந்துடணும். பந்தயம் போச்சு." அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சொந்தக்காரர் வாங்காத வலியைக் குதிரை வாங்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்."

"நல்ல சட்டம்" என்றேன்.

அவள் எதிர்பார்த்த பதில் அதுவல்ல. காபியை முழுதாகக் குடிக்காமல் எழுந்துபோனாள்.

சட்டம் நல்லதுதான். அதில் ஒரு சந்து இருந்தது. குதிரைகளில் பாதிக்கு மேல் கம்பெனிகளின் பெயரில் இருந்தன. கம்பெனிக்குக் கழுத்து ஏது? எனவே பிரதிநிதி ஒருவர் பட்டை அணியலாம் என்று ஒரு வரி சேர்த்தார்கள். அந்த வரிக்குள் நுழைந்து எல்லா உரிமையாளரும் வெளியே வந்துவிட்டார்கள். கூலிக்கு ஆள் வைத்தார்கள். தாங்கி என்று அவர்களுக்குப் பெயர் விழுந்தது. மீன் விலை படுத்த குப்பங்களிலிருந்தும் மூடிப்போன தொழிற்சாலை ஊர்களிலிருந்தும் வந்தார்கள், பெண்கள்தான் அதிகம். பந்தயத்தன்று கண்ணாடி அறைக்குள் முதலாளி முந்திரி கொறித்துக்கொண்டு பைனாகுலரில் பார்ப்பார். கண்ணாடிக்கு வெளியே பெஞ்சில் அவருடைய தாங்கி மடித்த துணியைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

போன மழைக்காலத்தில், வளைவில் ஒரு குதிரை விழுந்து கால் முறிந்தது. அதன் தாங்கி பெஞ்சிலிருந்து சரிந்தாள்; பிறகு அந்தக் கால் அவளுக்குச் சரியாக ஊன்றவில்லை என்று கேள்வி. மாதங்கியின் கூட்டமைப்பு மறுபடி கிளம்பியது. இந்த முறை மொத்தத் தடைதான், சமரசம் கிடையாது என்றார்கள். சட்டசபைக் குழு எங்களை விசாரணைக்கு அழைத்தது.

குழுவின் முன்னால் மாதங்கி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இந்த மாநிலத்துல ஒரு உரிமையாளராவது தன் கழுத்துல பட்டையைப் போட்டிருக்காரா?"

உரிமையாளர் வரிசையில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எனக்கும் பட்டை போட வாய்ப்பு வந்திருக்கவில்லை. சட்டம் வந்த பிறகு எங்கள் லாயத்தில் ஓட இருந்தது கொண்டல் ஒன்றுதான், அதுவும் இன்னும் ஓடவில்லை. வயது நிரம்பட்டும் என்று காத்திருந்தேன். கீழ்காற்றின் பெயரை வைத்த பெண்குதிரை அவள். காற்றுப் பெயர் வைப்பது எங்கள் வழக்கம்.

எழுந்து நின்றேன். "வர்ற கவர்னர் கோப்பையில என் குதிரை ஓடுது. பட்டை என் கழுத்துலதான் இருக்கும்."

"உங்களுக்கு எழுபத்தாறு வயசு மாமா." சபையில் மாமா என்று அழைத்துவிட்டதை உணர்ந்து அவள் உதட்டைக் கடித்தாள். பிறகு வக்கீலாகவே கேட்டாள். "கழட்டிட்டீங்கன்னா?"

"கழட்டினா அன்னிக்கே லாயத்தை மூடிடுவேன். பூபதி வீட்டுப் பேர்ல அதுக்கப்புறம் குதிரை ஓடாது."

மறுநாள் எல்லாச் செய்தியிலும் அதுதான். பந்தயக் கிளப்பின் தலைவர் தொலைபேசியில் கூப்பிட்டு அழாத குறையாக நன்றி சொன்னார். நான் தாங்கி முடித்தால் குழு தடையைத் தள்ளிப்போடும், பந்தயம் பிழைக்கும் என்றார்.  அன்று மாலை லாயத்தில் என் மகன் வரதன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அப்பா, இதய டாக்டர் சொன்னது மறந்து போச்சா? திடீர்னு பெரிய வலி வந்தா உங்க உடம்பு தாங்காதுன்னு சொன்னாரு."

"டாக்டர் பொதுவாச் சொல்லியிருப்பாரு."

"உங்களைத்தான் சொன்னாரு. ஒரு தாங்கி வச்சுக்கலாம். நிறைய குடுப்போம்."

"நம்ம குதிரைக்கு வலிச்சா யாரோ ஒருத்தன் பொண்டாட்டி பல்லைக் கடிக்கணுமா?"

"அப்ப நான் போட்டுக்கறேன்."

"வாக்குக் குடுத்தது நான். நீ எதுக்கு?"

அவன் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நல்ல பிள்ளை. லாயத்தை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். குதிரைக்குத் தீவனம் நேரத்துக்குப் போகாவிட்டால் அவனும் சாப்பிட மாட்டான்.

காலைப் பயிற்சியில் பட்டையைக் கட்டிப் பார்த்தேன். முதல் நாள் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வந்தது நான் நினைத்த வலி அல்ல. நாலு தட்டு. உள்ளங்கை இரண்டிலும் உள்ளங்கால் இரண்டிலும் ஒன்றன்பின் ஒன்றாக நாலு தட்டு, பிறகு தரையே இல்லாத ஒரு சின்ன இடைவெளி, மறுபடி நாலு. தொடையில் எரிச்சல், விலாவில் இழுப்பு. இளவயதில் கடலில் நெடுந்தூரம் நீந்திவிட்டுக் கரையேறும்போது உடம்பு இப்படித்தான் இருக்கும். அதை யாரும் வலி என்று சொல்ல மாட்டார்கள். இத்தனை வருடம் குதிரை வளர்த்திருக்கிறேன், ஒரு குதிரையின் ஓட்டம் உள்ளே எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மாதங்கியின் சட்டத்துக்கு அதற்காக மட்டும் ஒரு கும்பிடு போடலாம்.

கோப்பைக்கு முந்தைய வாரம் இடது மணிக்கட்டில் லேசாக ஒரு குத்தல் வந்தது. பட்டையைக் கழற்றியபின் வலி எதுவும் மிச்சம் இருக்காது என்பார்கள். ஆனாலும் இரவுச் சாப்பாட்டின்போது மணிக்கட்டை நான் தேய்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. வரதன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் குதிரை டாக்டர் லூர்துவை வரவழைத்துக் காட்டினோம். படம் எடுத்தார், காலை அழுத்திப் பார்த்தார், "தசைப்பிடிப்புதான் பெரியவரே, ஓடலாம்" என்றார். ஓடலாம் என்று முடிவு செய்தோம்.

கோப்பையன்று கஞ்சி போட்ட சட்டையும் அங்கவஸ்திரமும் அணிந்து, பட்டை எல்லோருக்கும் தெரியும்படி காலர் பொத்தானைத் திறந்து வைத்துக்கொண்டு போனேன். கண்ணாடி அறைக்குள் எனக்கு இடம் போட்டிருந்தார்கள். நான் வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பட்டை போட்டவர்களின் இடம் அதுதானே? தாங்கிகள் நெருக்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள்.

பக்கத்தில் இருந்தவள் பெயர் பாக்கியசீலி. கம்பெனிக் குதிரை ஒன்றின் தாங்கி. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஐயா புதுசா?"

"ஆமா."

"எந்தக் குதிரை?"

"கொண்டல். என் குதிரை."

"சொந்தக் குதிரைக்கா தாங்க வந்தீங்க?" பெஞ்சில் சிரிப்பு ஓடியது. "ஏன், கூலி குடுக்கக் காசில்லையா?"

"சீலி, சும்மா இரு. டிவில காட்டினாங்களே, அந்தப் பெரியவர்" என்றாள் ஒருத்தி.

"யாரா இருந்தா என்ன, பல்லு உடைஞ்சா டிவியா கட்டித் தரும்? இந்தாங்க, துவைச்ச துணிதான்." எனக்கு ஒரு மடித்த துணியை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன், வாயில் வைக்கவில்லை. "பயப்படாதீங்க. முன்ன மாதிரி இப்ப இல்ல. இந்த வருஷம் நிறைய குதிரை சும்மா பஞ்சு மாதிரி ஓடுது. போன தடவை எனக்கு ஒண்ணுமே வரலை. உக்காந்து எழுந்தேன், கூலி வாங்கினேன், மாதா புண்ணியம்."

எதிர்வரிசையில் மாதங்கி வந்து உட்கார்ந்தாள். எனக்கு நேராக. பக்கத்தில் குழு உறுப்பினர்கள். காமிரா என் பக்கம் திரும்பியது. நான் முதுகை நாற்காலிச் சட்டம் போல வைத்துக்கொண்டேன்.

கதவு திறந்தது.

முதலில் ஒரு தள்ளல், பின்னங்கால்களில் முழு பலம். பெஞ்சே முன்னால் நகர்ந்த மாதிரி இருந்தது. தட்டுகள் விழத் தொடங்கின. எங்கள் ஜாக்கி ரியாஸ் அவளை அவசரப்படுத்தாமல் வேலிப்பக்கம் அணைத்துக் கொண்டுபோனான். அரைச்சுற்றில் நாலாவது இடம். பிறகு மூன்றாவது. வலி இல்லை. நன்றாக ஓடுகிறாள். என்னைச் சுற்றித் தாங்கிகள் முனக ஆரம்பித்தார்கள். என் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை என்று எனக்கே தெரியும். மாதங்கியின் முகத்தில் முதல் முறையாக ஒரு குழப்பம் தெரிந்தது. எங்கள் வீட்டுப் பெயருக்காக என் நெஞ்சு நிமிர்ந்தது.

அப்போதுதான் எண்ணினேன்.

வலது கால். இடது கால். வலது கை. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு இடைவெளி.

மறுபடி எண்ணினேன். மூன்று தட்டு. இடது உள்ளங்கை தூங்கிப்போன கை போல மடியில் கிடந்தது. அவள் அந்தக் காலை ஊன்றுகிறாள், கண்ணால் பார்க்கிறேன். ஆனால் ஊன்றுவது அவளுக்கே தெரியவில்லை. போன வாரம் குத்திய அதே கால். குத்தல் மறைந்திருந்தாலும் தட்டாவது வர வேண்டும். தட்டே வரவில்லை என்றால் யாரோ ஊசி போட்டு அந்தக் காலை மரத்துப்போக வைத்திருக்கிறார்கள். வலி இருந்தால் குதிரை காலைக் காப்பாற்றிக்கொண்டு ஓடும். வலி தெரியாத காலைக் குதிரை காப்பாற்றாது. உள்ளே சின்னக் கீறல் இருந்தால் கூட, இந்த வேகத்தில் வளைவில் திரும்பும்போது எலும்பு கண்ணாடி போல உடையும். அவள் அதற்குப் பிறகும் ஓடுவாள், உடைந்த காலோடு.

வளைவு வந்துகொண்டிருந்தது. கொண்டல் முதலிடத்துக்கு வந்துவிட்டாள். ஜனம் எழுந்து நின்று கத்தியது. "பூபதி! பூபதி!" குதிரையின் பெயரைச் சொல்லவில்லை, எங்கள் வீட்டின் பெயரைச் சொன்னார்கள். அந்தத் திடலில் அப்படிக் கேட்பது என் தகப்பனார் காலத்துக்குப் பிறகு அதுவே முதல் முறை.

கையைத் தூக்கிப் பட்டையைக் கழற்றினேன்.

தூரத்தில் ரியாஸின் மணிக்கட்டில் சிவப்பு எரிந்தது. அவன் ஒரு தடவை நம்பாமல் கையைப் பார்த்தான். பிறகு அவளை வெளிப்பக்கமாக விலக்கி மெல்ல மெல்ல அடக்கினான். மற்ற குதிரைகள் கடந்து போயின. "பூபதி" என்ற கூச்சல் அறுந்து, சிரிப்பு எழுந்தது.

"கெழவன் தாங்கல டோய்!"

"சபையில என்னா சவுண்டு விட்டாரு! போய்ப் படுங்க தாத்தா!"

யாரோ தண்ணீர் பாட்டிலை வீசினார்கள். பாக்கியசீலி துணியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, கோபமில்லாமல்தான் சொன்னாள். "குடுத்து வச்சவர். நெனச்சவுடனே கழட்டிட்டீங்க. நாங்க கழட்டினா நாளைக்கு வேலை இல்ல."

 துணியை மடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

நடுவர் அறையில் நாற்காலி போட்டார்கள். ஆம்புலன்ஸ்காரர் நாடி பார்க்க வந்தார், அனுப்பிவிட்டேன். மாதங்கி உள்ளே வந்து என் எதிரில் குனிந்து உட்கார்ந்தாள். ஜெயித்த முகமாக இல்லை. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எனக்குக் காய்ச்சல் கண்டால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாளே, அந்த முகம்.

"மாமா, இதுல அவமானம் ஒண்ணும் இல்ல. வலி தாங்க முடியாதுன்னுதானே நாங்களும் சொல்லிட்டு இருக்கோம். உங்க வயசுக்கு நீங்க இவ்வளவு நேரம் –"

"வலி வரலைம்மா."

"என்ன?"

"வலி வரலை. அதனாலதான் கழட்டினேன். எடது முன்னங்கால் இருக்கறதே தெரியலை. மூணு குளம்புதான் வந்துச்சு. காலை மரத்துப்போக வைக்கற மரப்பூசி போட்டிருக்கு."

நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.  கதவருகில் வரதன் நின்றுகொண்டிருந்தான். அவன் நின்ற விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. லாயத்துச் சாவி இரண்டுதான், ஒன்று என்னிடம்.

திரும்பாமலே கேட்டேன். "வரதா. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவன் உள்ளே வந்தான். "நான்தான் போட்டேன். காலையில. லூர்துவுக்குத் தெரியாது." என் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றான். "நீங்க மணிக்கட்டைத் தேச்சுட்டு இருந்தீங்கப்பா. சின்னக் குத்தலே உங்களுக்கு அப்படின்னா, பந்தயத்துல என்ன ஆகும்? நெஞ்சைப் பிடிச்சுட்டு விழுந்துடுவீங்களோன்னு... தாங்கி வேண்டாம்னீங்க. நான் போட்டுக்கறேன்னா விடலை. எனக்கு வேற வழி தெரியலை."

"அவ கால் என்னாகும்னு யோசிச்சியா?"

"தசைப்பிடிப்புன்னுதானே டாக்டர் சொன்னாரு." தலையைக் குனிந்துகொண்டான். "யோசிச்சேன். உங்களையும் அவளையும் வச்சுப் பார்த்தேன்பா."

 நடுவர்களில் மூத்தவர் தொண்டையைக் கனைத்தார். "முன்னாடியெல்லாம் ஓடறதுக்கு முன்னால மரப்பூசிச் சோதனை இருந்தது. அது இருந்திருந்தா..."

"அதை எடுக்கச் சொன்னது நாங்க" என்றாள் மாதங்கி. அவள் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "வலி நேரா மனுஷன் மேலயே வருது, வலிக்கற குதிரையை யாரும் ஓட்ட மாட்டாங்க, இனிமே மரப்பூசி போட்டு யாருக்கு லாபம்னு எழுதிக் குடுத்தோம். குதிரைக்கு ஊசி குத்தறது ஒண்ணு குறையுமேன்னு நெனச்சோம்." என்னைப் பார்த்தாள். "இந்த வருஷம் கால் முறிஞ்ச குதிரை போன வருஷத்தைவிட அதிகம். தாங்கிகள் புகாரோ குறைச்சல். சட்டத்தால வலியாவது குறையுதுன்னு பேசிட்டிருந்தோம்."

"வெளிய பெஞ்சுல பாக்கியசீலின்னு ஒரு பொண்ணு இருக்கா. அவளைக் கேளு. போன தடவை ஒண்ணுமே வரலைன்னா. நிறைய குதிரை பஞ்சு மாதிரி ஓடுதாம்."

அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். பிறகு எழுந்தாள். மறுபடி வக்கீல்.

"குழுகிட்ட நான் சொல்லிக்கறேன் மாமா. ஊசியை உள்ள விட்டது எங்க சட்டம். வரதன் பேரு இதுல வரவேண்டிய அவசியம் இல்ல. லாயத்தையும் நீங்க மூட வேண்டாம். வலி தாங்காம கழட்டினாத்தானே அந்த வார்த்தை? நீங்க அதுக்காகக் கழட்டலையே."

அவள் நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள். நடுவர்களும் தலையாட்டினார்கள். வரதன் நிமிர்ந்து பார்த்தான்.

"உன் சட்டம் என் லாயத்துக்குள்ள வந்து ஊசி போடலை" என்றேன். "என் மகன் போட்டான். அப்படியே எழுதிக்கச் சொல்லு. அவன் கையெழுத்துப் போடுவான். அப்புறம், கழட்டினா மூடுவேன்னு சொன்னேன். எதுக்காகக் கழட்டினாங்கறதை நான் சொல்லவே இல்லை. கழட்டிட்டேன். பூபதி லாயம் மூடியாச்சு."

"மாமா, மூடிட்டா உங்களை வலி தாங்காத கிழவர்னு இல்ல பேசுவாங்க? வலியே வரலைங்கறதையாவது வெளிய சொல்லட்டுமா?"

"சொல்லு. ஊசி போட்டதையும் சொல்லு. பூபதி வீட்டுல தப்பு நடந்தா பூபதி வீடே சொல்லும்னு தெரியட்டும்."

வரதன் கையெழுத்துப் போட்டான். அவன் பெயருக்குப் பின்னால் வீட்டுப் பெயரை விட்டுவிட்டு எழுதியிருந்தான். அதையும் சேர்த்து எழுதச் சொன்னேன்.

சாயங்காலம் நாங்கள் லாயத்துக்குத் திரும்பியபோது கொண்டல் இடது காலை லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றாள். கடற்காற்று இறங்கிய நேரம். லூர்து மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். வெளியே படம் எடுக்கும் வண்டி. தசைப்பிடிப்பு என்று சொன்னதற்காக அவர் என் முகத்தைப் பார்க்கக் கூசினார்.

"படத்துல தெளிவா விழலை பெரியவரே. மயிரிழைக் கீறல்தான், ஆனா இருக்கு. எங்கேன்னு சரியாத் தெரிஞ்சா அந்த இடத்துக்கே மாவுக்கட்டுப் போட்டுடுவேன், தோப்புல நடந்து திரியலாம். மரப்பு இருக்கற வரைக்கும் அழுத்தினாலும் அவளுக்குத் தெரியாது. மரப்பு இறங்கிட்டா எங்க தொட்டாலும் உதறுவா. அவ வந்து சொல்லவா போறா?"

மாதங்கியும் வந்திருந்தாள். தூணோடு சாய்ந்து நின்றாள். குழுவில் சொல்லிவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறாள்.

நான் பையிலிருந்து பட்டையை எடுத்தேன். காலர் பொத்தானைத் திறந்தேன். அதற்குள் வரதன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"குடுங்கப்பா."

அவன் கண்ணைப் பார்த்தேன். கொடுத்தேன்.

பட்டையைக் கட்டிக்கொண்டு அவன் வைக்கோல்மேல் உட்கார்ந்து, இடது கையை மடியில் விரித்துவைத்தான். மரப்பு இறங்க இறங்க அவன் நெற்றியில் வியர்வை பொடித்தது. உதடு வெளுத்தது. கொண்டல் மூக்கால் காற்றை ஊதித் தலையை ஆட்டினாள். அவனும் அதே நேரத்தில் மூச்சை இழுத்துப் பிடித்தான். மாதங்கி ஓரடி முன்னால் வந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

லூர்து விரலை வைத்தார். "இங்கயா?"

"இல்ல."

"இங்க?"

"இன்னும் கீழ." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "உள்பக்கம். மெதுவா டாக்டர், அழுத்தாதீங்க, அவளுக்குத் தாங்காது... கொஞ்சம் இப்படி... அங்க. அங்கதான்."

லூர்து அந்த இடத்தில் மையால் குறி வைத்தார். கட்டுத்துணியை நனைக்க வாளியை இழுத்தார். "சரி தம்பி, எடம் தெரிஞ்சு போச்சு. கழட்டிடுங்க."

"இறுக்கமா இருந்தா அவ எப்படிச் சொல்லுவா?" என்றான் வரதன். "நீங்க கட்டுங்க. முடியற வரைக்கும் இருக்கேன்."

மாதங்கி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் என் மகனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.